பெட்டிக்குள் மிசோ, மனசுக்குள் அம்மா... கடல் கடந்தும் மணக்கும் ஜப்பானிய வீட்டுச் சமையல்!

வெளிநாட்டுக்குக் கிளம்பும் பிள்ளையின் பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாவடு ஊறுகாய் எல்லாம் இடம்பிடிப்பது நம் வீடுகளில் சகஜம். 'எடை கூடிப்போச்சு' என்று விமான நிலையத்தில் சட்டையை எடுத்து வெளியே வைப்பார்களே தவிர, ஊறுகாயை எடுக்க மாட்டார்கள்.

ஜப்பானியர்களும் அப்படித்தான். அவர்கள் பெட்டியில் மிசோ பொட்டலம், உலர்ந்த கடற்பாசி, மீன் சீவல், நோரித் தாள், உப்பில் ஊறிய உமெபோஷிப் பழம் எல்லாம் துணிகளுக்கு நடுவே பத்திரமாகப் பயணம் செய்யும். ஜப்பானுக்கு வெளியே இன்று சுமார் 13 லட்சம் ஜப்பானியக் குடிமக்கள் வாழ்கிறார்கள். தலைமுறைகளுக்கு முன்பே குடியேறியவர்களின் பேரன், பேத்திகளைச் சேர்த்தால் இந்த எண்ணிக்கை பல மடங்காகும்.

கொண்டுபோன மிசோ சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது? கிடைக்காத பொருளுக்குப் பதில் எதைப் போடுவது? பக்கத்து வீட்டுக்காரர் 'எப்படிச் செய்வது?' என்று கேட்டால், அம்மா சொல்லாமல் செய்ததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கடந்த 100 ஆண்டுகளுக்கும் மேலாக, கடல் கடந்த ஜப்பானியக் குடும்பங்கள் இந்தக் கேள்விகளுக்கு அடுப்பங்கரையிலேயே பதில் தேடி வருகின்றன.

சுஷி மட்டும்தானா ஜப்பான்?

'ஜப்பான் சாப்பாடு' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுஷி. அடுத்தது ராமென் நூடுல்ஸ். காரணம் இருக்கிறது. ஜப்பானிய வேளாண் அமைச்சகக் கணக்குப்படி, 2013-ல் வெளிநாடுகளில் இருந்த ஜப்பானிய உணவகங்கள் சுமார் 55 ஆயிரம். 2023-ல் அது சுமார் 1 லட்சத்து 87 ஆயிரம். பத்தே ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேல்!

ஆனால், ஜப்பானியர்கள் வீட்டில் தினமும் சுஷி சாப்பிடுவதில்லை. நாம் தினமும் பிரியாணி சாப்பிடாத மாதிரிதான். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டின் இலக்கணம் 'இச்சிஜூ சான்சாய்', அதாவது ஒரு சூப், மூன்று தொட்டுக்கைகள். கூடவே சோறும் ஊறுகாயும். பொரித்த மீனோ கோழியோ ஒன்று, வேகவைத்த காய் ஒன்று, எள் போட்டுப் பிசைந்த கீரை ஒன்று என்று சிறு கிண்ணங்களில் வைப்பார்கள்.

மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து இனிப்பும் உப்புமாக வேகவைக்கும் 'நிக்குஜாகா', கோழிக்கறியும் முட்டையும் சோற்றின் மேல் கவிழ்க்கும் 'ஓயகோதோன்', கேரட்டையும் கிழங்கையும் மெல்லிசாக நறுக்கி வதக்கும் 'கின்பிரா' போன்றவைதான் அவர்களின் அன்றாடம். 'ஓயகோ' என்றால் பெற்றோரும் பிள்ளையும் என்று பொருள். கோழியும் முட்டையும் ஒரே கிண்ணத்தில் இருப்பதால் அந்தக் குறும்பான பெயர்.

அம்மா கைப்பக்குவத்துக்கு ஜப்பானிய மொழியில் தனிச்சொல்லே உண்டு: 'ஒஃபுகுரோ நோ அஜி', அதாவது அம்மாவின் சுவை. இது உணவகத்தில் கிடைக்காது. வெளிநாட்டில் ஜப்பானிய உணவகங்கள் பெருகினாலும் வீட்டு ருசிக்கு ஏங்குபவர்கள் குறையாததற்குக் காரணம் இதுதான்.

2013 டிசம்பரில் 'வாஷோகு' எனப்படும் ஜப்பானிய உணவு மரபை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் குறிப்பாகச் சொல்லப்பட்டது, குடும்பங்கள் கூடிச் சாப்பிடும் புத்தாண்டு விருந்து. கௌரவம் கிடைத்தது வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குத்தான்.

கொம்பு இல்லாமல் குழம்பு இல்லை

நம் சாம்பாருக்குப் பருப்பும் புளியும் எப்படியோ, அவர்கள் சமையலுக்கு 'தாஷி' அப்படி. மிசோ சூப், வேகவைத்த காய், நூடுல்ஸ் சாறு என எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்தத் தெளிந்த சாறுதான். அதற்கு வேண்டியவை இரண்டு: கொம்பு, கட்சுவோபுஷி.

'கொம்பு' என்றதும் மாட்டுக்கொம்பை நினைக்க வேண்டாம். அது ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ கடலில் வளரும் தடித்த கடற்பாசி. கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையில் உலர்த்தி, கட்டைபோல இறுகச் செய்து மெல்லிசாகச் சீவி எடுப்பது. இலங்கைத் தமிழர் சமையலில் வரும் 'மாசி' தெரியும் அல்லவா? மாலத்தீவிலிருந்து வரும் அந்த மாசியும் இதே வகை மீனை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்திச் செய்வதுதான். இரண்டு கடல்கள், கிட்டத்தட்ட ஒரே கைவேலை!

இந்தச் சாற்றில் இருக்கும் ருசி என்ன? இனிப்பா, புளிப்பா, உப்பா, கசப்பா? நான்கும் இல்லை. இதற்கு விடை கண்டவர் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனே இகெடா. கொம்புச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1908-ல் அந்த ஐந்தாவது சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். அவர் அதற்கு முன்பு ஜெர்மனியில் தங்கி ஆராய்ச்சி செய்தவர். தக்காளி, பாலாடைக்கட்டி, இறைச்சி ஆகியவற்றிலும் அதே ருசி ஒளிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியவரும் அவரே.

வெளிநாட்டு நண்பர்களுக்கு ஜப்பானியச் சமையலைச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி. 'தாஷி என்றால் என்ன?' என்று இத்தாலியர் கேட்டால், 'உங்கள் பார்மேசான் சீஸில் இருக்கும் அதே ருசிதான்' என்று சொல்லிவிடலாம்.

ஆனால், ஐரோப்பாவில் குடியேறிய பலர் வேறொரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். அதே கொம்பு, அதே அளவு, அதே நேரம். ஆனாலும், சாறு ஊர் ருசிக்கு வருவதில்லை. காரணம் தண்ணீர்! ஜப்பானின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்நீர். லண்டன், பாரிஸ் போன்ற ஊர்களில் சுண்ணாம்பு கூடிய கடின நீர். கடின நீரில் கொம்பின் ருசி எளிதில் இறங்குவதில்லை. அதனால் வடிகட்டிய தண்ணீரையோ, கடினத்தன்மை குறைந்த பாட்டில் தண்ணீரையோ பயன்படுத்துகிறார்கள். ஊர் மாறினால் காப்பியின் ருசி மாறுவதைச் சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது சட்டெனப் புரியும்.

காப்பித் தோட்டத்தில் முளைத்த ஊறுகாய்

1908-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோபே துறைமுகத்திலிருந்து 'கசாட்டோ மாரு' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் 781 ஜப்பானியர்கள் இருந்தார்கள். ஜூன் 18-ல் பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். காப்பித் தோட்டங்களில் வேலை செய்து, கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு அது நடக்கவில்லை. இன்று ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நாடு பிரேசில்தான்.

தோட்டத்தில் கிடைத்தது வேறு அரிசி, கொழுப்பில் சமைத்த பீன்ஸ், உப்புக்கண்டம். மிசோவும் இல்லை, சோயா சாஸும் இல்லை. உமெபோஷி செய்ய 'உமே' மரமும் இல்லை. புளிப்பும் உப்புமான அந்தச் சிவந்த பழம் இல்லாமல் சோறு இறங்காதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கே வளர்ந்த ஒரு செடியின் சிவப்பு நிறப் புல்லி இதழ்களைப் பறித்து, உப்பில் ஊறவைத்தார்கள். அதே சிவப்பு, அதே புளிப்பு! 'ஹனாஉமே' என்று பெயரும் வைத்தார்கள். 'ஹனா' என்றால் பூ.

அந்தச் செடி என்ன என்று கேட்டால் ஆச்சர்யப்படுவீர்கள். நாம் கடைந்து சாப்பிடும், ஆந்திராவில் கோங்குரா என்று கொண்டாடும் புளிச்சக்கீரைச் செடியேதான்! கீரையை நாம் எடுத்துக்கொண்டோம், பூவின் புல்லியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

முள்ளங்கிக்குப் பதில் பச்சைப் பப்பாளியை ஊறுகாய் போட்டார்கள். சோயா சாஸில் கோதுமைக்குப் பதில் மக்காச்சோளம் வந்தது. பிரேசிலில் விற்கும் சோயா சாஸ் பலவற்றில் இன்றும் மக்காச்சோளம்தான். ஜப்பானிலிருந்து வருபவர்களுக்கு அது சற்றே இனிப்பாகத் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்த பேத்திக்கோ, அதுதான் பாட்டி வீட்டு ருசி.

எது 'அசல்' என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்வது கடினம்.

முள்வேலிக்குள் ஒரு தொழிற்கூடம்

அமெரிக்காவின் கதை இன்னும் கசப்பானது. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஓர் ஆணையால், சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள்.

முகாமில் பெரிய கூடத்தில் வரிசையில் நின்று தட்டு ஏந்த வேண்டும். சோற்றின் மேல் டின்னில் அடைத்த பழத்தைப் பாகோடு ஊற்றிக்கொடுத்ததைப் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஜப்பானியர்களுக்கு அது விநோதம். சோறு என்பது வெறுஞ்சோறாக, வெள்ளையாக வரவேண்டியது. அதைவிட வலித்தது இன்னொன்று. வீட்டு மேஜையே இல்லாமல் போனதால், பிள்ளைகள் நண்பர்களோடு சாப்பிடப் போய்விட்டார்கள். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கமே உடைந்தது.

அந்த நிலையிலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் மன்சனார் முகாமில் சோயா சாஸும் டோஃபுவும் தாங்களே தயாரித்தார்கள். பாலைவனத் தூசியில் காய்கறி பயிரிட்டார்கள்.

கெய்சபுரோ கோடா என்ற நெல் விவசாயியின் கதை இதற்கு இன்னொரு சாட்சி. கலிஃபோர்னியாவில் பெரிய பண்ணை வைத்திருந்தவர், முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். திரும்பி வந்தபோது சொத்தில் பெரும்பகுதி போயிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். 1960-களில் அந்தக் குடும்பப் பண்ணையிலிருந்து வந்த 'கொகுஹோ ரோஸ்' அரிசி, அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்களின் சமையலறைகளில் தனி இடம் பிடித்தது.

போருக்குப் பிறகு இன்னொரு அலை. அமெரிக்கப் படைவீரர்களை மணந்துகொண்டு பல்லாயிரக்கணக்கான ஜப்பானியப் பெண்கள் அமெரிக்கா போனார்கள். புறப்படும் முன்பு, ஜப்பானிலேயே அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் அவர்களுக்கு வகுப்புகள் நடத்தியது. கேக் செய்வது, அமெரிக்கச் சாப்பாடு சமைப்பது, வீடு நடத்துவது எல்லாம் பாடத்திட்டம். அவர்கள் ஊரின் சமையலை அங்கே எப்படிக் காப்பாற்றுவது என்பது அந்தப் பாடத்தின் நோக்கமாக இருக்கவில்லை. புகுந்த வீட்டில் கணவருக்குப் பிடித்ததைச் சமைத்துவிட்டு, தனக்கு மட்டும் ஒரு கிண்ணம் சோறும் ஊறுகாயும் வைத்துக்கொண்ட பெண்கள் உண்டு. அவர்களில் பலரின் சமையல், பிள்ளைகளுக்குப் போய்ச்சேராமலே நின்றுபோனது.

வெளிநாட்டு வாழ்க்கையில் ஒரு சமையல் தொலைந்துபோவதற்கு ஒரு தலைமுறை போதும்.

கண்ணளவா, கிராம் கணக்கா?

'எவ்வளவு உப்பு போடணும்?' 'உன் கைக்குத் தெரியும்.' இந்த உரையாடல் நடக்காத தமிழ் வீடு உண்டா? ஜப்பானிலும் இதே கதைதான். கண்ணால் பார்த்தே அளவு சொல்வதை அவர்கள் 'மெபுன்ரியோ' என்பார்கள். 'கண்ணளவு' என்று அப்படியே தமிழில் சொல்லிவிடலாம்.

சொந்த ஊரில் இருக்கும்வரை இது போதும். அம்மா பக்கத்தில் இருப்பார். ஆனால், டோக்கியோவில் இருக்கும் அம்மா டொரன்டோவில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் 'கொஞ்சம்' என்று சொன்னால் எவ்வளவு கொஞ்சம்?

எழுதிவைத்தாலும் சிக்கல் தீராது. ஜப்பானிய சமையல் குறிப்பில் ஒரு கப் என்றால் 200 மில்லி. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. ஆனால், ரைஸ் குக்கரோடு வரும் ஜப்பானியக் கப் 180 மில்லி! மூன்றையும் குழப்பிக்கொண்டால் சோறு குழையும் அல்லது விறைக்கும். மேஜைக் கரண்டியிலும் இதே கூத்து. ஜப்பானில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. நாலு கரண்டி சோயா சாஸ் ஊற்றினால், ஆஸ்திரேலியாவில் ஒரு கரண்டிக்கும் மேல் கூடுதலாக விழுந்திருக்கும். உப்பு கரிக்காமல் என்ன செய்யும்?

இதனால்தான், வெளிநாட்டில் ஜப்பானிய வீட்டுச் சமையலைச் சொல்லிக்கொடுப்பவர்கள் பலரும் எல்லாவற்றையும் கிராமிலும் மில்லியிலும் சொல்லத் தொடங்கினார்கள். யோகஹாமாவில் பிறந்து, சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் குடியேறிய நமிகோ சென் இதற்கு நல்ல உதாரணம். 2011 முதல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டுவரும் குறிப்புகள், படிப்படியான படங்களோடும் துல்லியமான அளவுகளோடும் இருக்கும். ஜப்பானையே பார்க்காதவர்களும் அதைப் பார்த்து மிசோ சூப் வைக்கிறார்கள். வெளிநாட்டில் பிறந்த ஜப்பானியப் பிள்ளைகளுக்கும் இதுபோன்ற குறிப்புகள் பாட்டியின் சமையலறைக்கு ஒரு வழி.

கிராம் கணக்கு வந்தால் கைப்பக்குவம் போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். கைப்பக்குவம் வரும்வரை பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டுமே! கிராம் கணக்கு அந்தக் கைப்பிடிதான்.

சுங்கச் சோதனையில் சிக்கும் சுவை

பணம் இருந்தும் பொருள் கிடைக்காத சிக்கலும் உண்டு. கட்சுவோபுஷி புகையில் உலர்த்தப்படுவது. அப்போது பென்சோபைரீன் போன்ற பொருள்கள் அதில் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்குக் கடுமையான வரம்பு வைத்திருப்பதால், ஜப்பானில் பாரம்பரிய முறையில் செய்த கட்சுவோபுஷியை அங்கே கொண்டுபோய் விற்பது பெரும்பாடு. 2015-ல் மிலன் நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அதற்காகத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு வழி கண்டார்கள். கட்சுவோபுஷிக்குப் பேர்போன மகுராசாகி நகரின் தயாரிப்பாளர்கள், பிரான்ஸின் கடலோர நகரமான கொன்கார்னோவிலேயே ஒரு தொழிற்கூடத்தை 2016-ல் திறந்தார்கள். ஐரோப்பிய விதிப்படி, ஐரோப்பிய மண்ணிலேயே புகைபோட்ட ஜப்பானிய மீன்!

ஆஸ்திரேலியாவில் அயோடின் அளவு அதிகமுள்ள கடற்பாசிக்குக் கட்டுப்பாடு உண்டு. ஜப்பானியக் குழம்புக் கட்டிகளில் இறைச்சிச் சத்து இருந்தால் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. அதனால் பெட்டி கட்டும் முன் போகும் நாட்டின் விதியைப் பார்ப்பது அவசியம்.

கிடைக்காததை வீட்டிலேயே செய்பவர்களும் இருக்கிறார்கள். சோயா, உப்பு, 'கோஜி' எனும் பூஞ்சை ஏறிய அரிசி மூன்றையும் பிசைந்து ஜாடியில் அடைத்து, ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை காத்திருந்தால் சொந்த மிசோ தயார். தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதை ஜப்பானியர்கள் 'தெமாயே மிசோ' என்பார்கள். 'என் வீட்டு மிசோ' என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தன் மிசோதான் ஒசத்தி என்ற பெருமை அந்தச் சொல்லில் ஒளிந்திருக்கிறது.

பள்ளிக்கூட டப்பாவில் ஒரு பரீட்சை

பெரியவர்களுக்கு ஏக்கம் என்றால், பிள்ளைகளுக்குக் கூச்சம். 'பென்டோ' எனப்படும் மதிய உணவு டப்பாவை ஜப்பானிய அம்மாக்கள் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டுவார்கள். சோற்று உருண்டையான ஒனிகிரி, சுருட்டிய முட்டை, ஒரு துண்டு மீன், கொஞ்சம் காய். ஜப்பானில் அது பெருமை. வெளிநாட்டுப் பள்ளியில் டப்பாவைத் திறந்ததும் 'என்ன இது கறுப்பா, காகிதம் மாதிரி?' என்று ஒரு குரல் வந்தால், அடுத்த நாள் அந்தக் குழந்தை கேட்பது சாண்ட்விச்.

இட்லியும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போய் இதே கேள்வியைச் சந்தித்த தமிழ்ப் பிள்ளைகள் உலகமெங்கும் உண்டு. அந்த ஒரு நாள், வீட்டில் எதைச் சமைப்பது என்பதையே மாற்றிவிடும்.

இங்கேதான் 'பகிர்வது' என்பதன் அருமை. வகுப்பில் எல்லோருக்கும் ஒனிகிரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால், கேலி செய்த பிள்ளையும் கையில் தண்ணீர் தொட்டு, உப்பு தடவி, சூடான சோற்றை முக்கோணமாகப் பிடிக்க முயல்வான். அது உடைந்து விழும்போது சிரிப்பான். தானே பிடித்ததை அருவருப்பாகப் பார்க்க யாராலும் முடியாது.

அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளிச் சமூகங்கள் பல, டிசம்பர் மாதம் 'மோச்சித்சுகி' நடத்துகின்றன. வேகவைத்த பசையரிசியை உரலில் போட்டு, பெரிய மரச் சுத்தியலால் மாறிமாறி இடிப்பார்கள். தாத்தா இடிக்க, பேரன் உருட்ட, அக்கம்பக்கத்தினரும் வந்து கை கொடுப்பார்கள். ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரில் இம்மர்மான் தெரு முழுக்க ஜப்பானியக் கடைகள். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் லிபெர்டாடே பகுதி. ஆனாலும், கடைத்தெரு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உரலைச் சுற்றி நிற்கும் அந்தக் கூட்டத்துக்கு ஈடாகாது.

பரிமாறும் முன் கேட்க வேண்டியவை

அன்பாகக் கொடுப்பது மட்டும் போதாது. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஜப்பானிய வீட்டுச் சமையலைப் பகிர்பவர்களும் ருசிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

* சைவமா? காய்கறி உணவு போலத் தெரியும் பலவற்றில் மீன் தாஷி இருக்கும். மிசோ சூப்பிலும்தான். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.
* மது உண்டா? சமையலில் சேர்க்கும் சாகே, மிரின் இரண்டும் அரிசியிலிருந்து வரும் மதுவகைகள். மதத்தாலோ உடல்நலத்தாலோ தவிர்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.
* ஒவ்வாமை உண்டா? வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. சோயா, எள், 'சோபா' நூடுல்ஸில் இருக்கும் பக்வீட் ஆகியவையும் சிலருக்கு ஒவ்வாது.
* பச்சை முட்டை வேண்டாம். சூடான சோற்றில் பச்சை முட்டை உடைத்து ஊற்றுவது ஜப்பானியர்களின் செல்லக் காலை உணவு. அங்கே முட்டைகள் பச்சையாகச் சாப்பிடும் நோக்கில் தேதியிட்டு விற்கப்படுகின்றன. மற்ற நாடுகளில் சால்மொனெல்லா கிருமி ஆபத்து இருப்பதால் அதை அப்படியே பின்பற்றக் கூடாது.
* மோச்சி தொண்டையில் சிக்கலாம். ஜப்பானிலேயே ஒவ்வொரு புத்தாண்டிலும் முதியவர்கள் மோச்சி அடைத்து உயிரிழக்கும் செய்தி வருகிறது. முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மிகச் சிறு துண்டுகளாக்கித் தர வேண்டும், அல்லது தவிர்த்துவிட வேண்டும்.
* நாட்டோவும் மாத்திரையும். புளிக்கவைத்த சோயாவான நாட்டோவில் வைட்டமின் கே அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது.

சென்னைக் காய்களில் ஒரு ஜப்பான்

சென்னையைச் சுற்றியுள்ள கார், இருசக்கர வாகனத் தொழிற்சாலைகளால் ஜப்பானியக் குடும்பங்களுக்கு நம் ஊரும் 'வெளிநாடு' ஆகியிருக்கிறது. அவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம், காய்கறிச் சந்தை. முள்ளங்கி, கத்திரிக்காய், பூசணி, இஞ்சி, எள் எல்லாமே ஜப்பானிய வீட்டுச் சமையலின் பொருள்கள்தான். வெண்டைக்காய்கூட ஜப்பானில் உண்டு. அங்கே அதற்குப் பெயர் 'ஒகுரா'. லேசாக வேகவைத்து, நறுக்கி, சோயா சாஸ் விட்டால் ஒரு தொட்டுக்கை தயார். அந்த வழவழப்புதான் அவர்களுக்குப் பிடித்தமே!

சைவ நண்பர்களுக்குச் சமைத்துத் தருவதற்கும் அவர்களிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. புத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' சமையலில் மீனே கிடையாது. கொம்பும் உலர்ந்த ஷிட்டாகே காளானும்தான் அங்கே தாஷி. அதை நம் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

சைவ மிசோ சூப் (4 பேருக்கு)

தேவையானவை: தண்ணீர் 1 லிட்டர், கொம்பு 10 கிராம், உலர்ந்த ஷிட்டாகே காளான் 3 அல்லது 4, மிசோ 3 முதல் 4 மேஜைக் கரண்டி, டோஃபு 150 கிராம், முள்ளங்கி பாதி, வெங்காயத்தாள் கொஞ்சம்.

செய்முறை: கொம்பையும் காளானையும் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிடவும். காலையில் மிதமான தீயில் வைத்து, கொதி வருவதற்குச் சற்று முன்பே கொம்பை எடுத்துவிடவும். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். காளானை எடுத்து நறுக்கி மீண்டும் போடவும். மெல்லிசாக நறுக்கிய முள்ளங்கியை அதில் வேகவைத்து, டோஃபுத் துண்டுகளைச் சேர்க்கவும். அடுப்பை அணைத்துவிட்டு, மிசோவை ஒரு கரண்டிச் சாற்றில் கரைத்து ஊற்றவும். மிசோ சேர்த்த பிறகு கொதிக்கவிடக் கூடாது, மணம் போய்விடும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்குவோமே, அதே சூட்சுமம். மேலே வெங்காயத்தாள் தூவிப் பரிமாறவும்.

மிசோவிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிசோவின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். தைராய்டு பிரச்னை உள்ளவர்கள், அயோடின் நிறைந்த கொம்பை அடிக்கடி சேர்க்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எழுதிவைத்தால் என்ன?

நிக்குஜாகா பற்றி ஜப்பானில் ஒரு கதை சொல்வார்கள். இங்கிலாந்தில் படித்த கடற்படைத் தளபதி டோகோ, அங்கே சாப்பிட்ட மாட்டிறைச்சிக் குழம்பை ஊர் திரும்பியதும் செய்யச் சொன்னாராம். ஒயினும் வெண்ணெயும் தெரியாத சமையல்காரர், சோயா சாஸும் சர்க்கரையும் போட்டுச் சமைத்தாராம். கதை உண்மையோ இல்லையோ, அதற்கு உரிமை கொண்டாடி மைசுரு, குரே என்ற இரண்டு துறைமுக நகரங்கள் இன்றும் போட்டிபோடுகின்றன. இன்று 'அம்மாவின் சுவை' என்று ஜப்பானியர்கள் முதலில் கைகாட்டும் உணவு அதுதான்.

வீட்டுச் சமையல் ஊர் விட்டு ஊர் போகும்போது மாறத்தான் செய்யும். உமே போய்ப் புளிச்சைப்பூ வரும். கோதுமை போய்ச் சோளம் வரும். அதனால் அது செத்துவிடுவதில்லை. யாருக்கும் சொல்லித்தராமல் ஒருவர் கையோடு நின்றுபோனால்தான் அது தொலைகிறது.

உங்கள் வீட்டிலும் யாருக்கோ மட்டுமே தெரிந்த ஒரு குழம்பு இருக்கும். அடுத்த முறை அவர் அதை வைக்கும்போது, பக்கத்தில் ஒரு தராசும் நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'கொஞ்சம்' என்று அவர் கையில் எடுப்பதை, பாத்திரத்தில் விழும் முன் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள்.